21 வயதில் மருத்துவக் கல்லூரி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு ஏறக்குறைய 21 வயது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேராக மருத்துவத்துக்குப் போகவில்லை. ஆண்கள் மட்டுமே படித்துவந்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். மாணவர்கள் பார்வையில் படாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் பெண் கல்லூரிப் படிப்பை முடித்தார். அதன் பிறகே, 1907இல், சென்னைக்குப் போனார். 1912இல் மருத்துவராக வெளியே வந்தார்.

இந்தக் கதையை நம் மாவட்டத்தில் மேடைக்கு மேடை சொல்கிறோம். பெண் கல்விக்காகச் சொல்கிறோம், சமூக நீதிக்காகச் சொல்கிறோம். நான் அதில் உள்ள வேறொரு செய்திக்காக இங்கே சொல்கிறேன். இன்றைக்கு 21 வயது என்பது பி.எஸ்சி. முடிக்கும் வயது. அந்த வயதில் ஒரு பெண் 'டாக்டராக வேண்டும்' என்றால் வீட்டில் என்ன பதில் வரும்? 'அதெல்லாம் பிளஸ் டூவோடு முடிந்துபோன விஷயம்' என்பார்கள். கல்லூரியில் படித்துவிட்டு மருத்துவத்துக்குப் போவது என்ற பழைய பாதையை நாம் மறந்துவிட்டோம். அந்தப் பாதையில் போனவர்தான் இந்த ஊரின் புகழ்பெற்ற மருத்துவர்.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். எம்.எஸ்சி. வகுப்புகளில் பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். என் மாணவர்களில் பாதிப்பேராவது ஒரு காலத்தில் மருத்துவர் ஆக நினைத்தவர்கள். கட்-ஆஃப் வரவில்லை, நீட்டில் மதிப்பெண் வரவில்லை, பணம் இல்லை என்று ஏதோ ஒரு காரணத்தால் விலங்கியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் நுண்ணுயிரியலுக்கும் வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் படிக்கிற ஐந்தாண்டு அறிவியல், மருத்துவப் படிப்புக்கு நல்ல அடித்தளம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த அடித்தளத்துக்கு நம் நாட்டில் எந்த மதிப்பும் இல்லை. என் வருத்தம் அதுதான்.

அடித்தளம் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாது. ஓர் உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன்.

விலங்கு உடலியங்கியல் வகுப்பு. சிறுநீரகம் பற்றிய பாடம். பிளஸ் டூ புத்தகத்தில் நெஃப்ரானின் படம் ஒன்று இருக்கும், பாகங்களைக் குறித்தால் மதிப்பெண். எம்.எஸ்சி.யில் அதே சிறுநீரகத்தை விலங்கு விலங்காகப் பார்க்கிறோம். கடலில் வாழும் எலும்பு மீன் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. மிகையான உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. சுறா வேறு வழியில் போகிறது. அது யூரியாவை வெளியேற்றாமல் ரத்தத்திலேயே தேக்கிவைத்துக்கொள்கிறது. மனித ரத்தத்தில் இருப்பதைப் போல் பல மடங்கு யூரியா சுறாவின் ரத்தத்தில் உண்டு. அதனால் அதன் உடலிலிருந்து தண்ணீர் கடலுக்குப் போய்விடுவதில்லை. பாலைவனத்து எலி இன்னொரு வழி. அதன் நெஃப்ரானில் ஹென்லே வளைவு மிக நீளமாக இருக்கும். சிறுநீரைக் கெட்டியாக்கி, சொட்டுத் தண்ணீரையும் மிச்சப்படுத்தும்.

ஒருமுறை இந்தப் பாடத்தின் நடுவில் மணமேல்குடிப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், சுறாவை ஒரு நாள் வச்சிருந்து சமைச்சா மூக்கைப் பிடுங்குற மாதிரி ஒரு நெடி வருமே, அது இந்த யூரியாதானா?" என்றாள். ஆம், அதுதான். மீன் செத்த பிறகு கிருமிகள் யூரியாவை உடைக்கின்றன, அம்மோனியா வெளிவருகிறது. சுறாப்புட்டு செய்யும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அது தெரிந்த வாசனை. கொஞ்ச நேரம் கழித்து அவளே இன்னொன்றும் கேட்டாள். "அப்ப ஆஸ்பத்திரியில பிளட் யூரியான்னு பார்க்கிறது?" அவளுடைய தாத்தாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது.

மீன் சந்தையில் தொடங்கி டயாலிசிஸ் எந்திரம் வரைக்கும் ஒரே கேள்வியை இழுத்துக்கொண்டு வந்தாள் அந்தப் பெண். நல்ல மருத்துவரின் மூளை இப்படித்தான் வேலை செய்ய வேண்டும். சிறுநீரகம் எதற்காக இருக்கிறது, அது தவறும்போது உடலில் எது எங்கே தேங்கும் என்று புரிந்தவருக்கு, நோயாளியின் கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் தனித்தனி அறிகுறிகளாகத் தெரியாது. எம்.எஸ்சி. படிப்பு ஒழுங்காக நடந்தால் இந்தப் பார்வையைக் கொடுக்கும். பாடப் பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தாலும் தெரியும். எம்.பி.பி.எஸ். முதலாண்டில் மூன்று பாடங்கள்: உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். இவற்றில் உயிர்வேதியியலின் பெரும்பகுதியை, அதாவது என்சைம்கள், கிரெப்ஸ் சுழற்சி, கொழுப்பும் புரதமும் சிதையும் முறைகள், டிஎன்ஏ படியெடுப்பு ஆகியவற்றை உயிர்வேதியியல் எம்.எஸ்சி. மாணவர் ஏற்கெனவே விரிவாகப் படித்திருக்கிறார். அடுத்த கட்டத்தில் வரும் நுண்ணுயிரியலை அந்தத் துறை மாணவர் தம் கையால் செய்து பார்த்திருக்கிறார்.

கையால் செய்வது என்றேன். அதற்கும் ஓர் அருமை உண்டு. திசுவை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மெல்லிசாகச் சீவி, ஹெமட்டாக்சிலினும் இயோசினும் ஏற்றி ஸ்லைடு செய்கிற மாணவருக்கு முதல் பத்து ஸ்லைடாவது வீணாகும். கிழியும், மடங்கும், சாயம் அப்பிக்கொள்ளும். பதினொன்றாவது ஸ்லைடில் உட்கரு ஊதாவாகவும் சுற்றியுள்ள பகுதி இளஞ்சிவப்பாகவும் தெளிந்து தெரியும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். புற்றுநோயா இல்லையா என்று நோய்க்கூறியல் நிபுணர் இன்றும் முதலில் பார்ப்பது அதே இரண்டு நிறங்களைத்தான். ஒரு காலத்தில் தவளையையும் சுறாவையும் அறுத்துப் பழகினோம். பல்கலைக்கழக மானியக் குழு விலங்கு அறுவையை நிறுத்தச் சொன்ன பிறகு அது போய்விட்டது. அது சரியான முடிவு. ஆனாலும் நுண்ணோக்கி இருக்கிறது, பிப்பெட் இருக்கிறது, ஆய்வேடு இருக்கிறது. நாலு மாதம் ஒரு சோதனையைச் செய்து, எதிர்பார்த்த முடிவு வராமல், வரவில்லை என்பதை அப்படியே எழுதி வைவாவில் எழுந்து நின்று சொல்கிற பயிற்சி இருக்கிறது. மருந்துக் கம்பெனிக்காரர் கொண்டுவரும் வண்ணத் தாளில் 'முப்பது விழுக்காடு முன்னேற்றம்' என்றிருந்தால், எத்தனை பேரிடம் சோதித்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்க உயிரிப்புள்ளியியல் வகுப்பு கற்றுத்தருகிறது.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்து மருத்துவக் கல்லூரிக்குள் போகும் பிள்ளைகள் முதலாண்டில் படும் பாட்டை அவர்களுடைய பெற்றோரிடம் கேட்டால் தெரியும். கையில் தலையணை கனத்தில் ஆங்கிலப் புத்தகம், அடுத்த வாரம் தேர்வு. 17 வயதுப் பிள்ளை தூக்கமில்லாமல் தவிக்கிறது. அதே ஆங்கிலப் புத்தகங்களோடு ஐந்து ஆண்டுகள் மல்லுக்கட்டி, அரியர் வைத்து, அரியரை எழுதித் தேறி, செமினார் எடுத்து முடித்த எம்.எஸ்சி. மாணவருக்கு அந்தப் பயம் போயிருக்கும்.

ஆனால் இத்தனையும் மருத்துவக் கல்லூரியின் உள்ளே போன பிறகுதான் பயன்படும். வாசலில் நிற்பது நீட். 180 கேள்வி, 720 மதிப்பெண். உயிரியலில் 90, இயற்பியலில் 45, வேதியியலில் 45. எல்லாமே பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடங்கள். விலங்கியலில் பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் வாங்கியவரும் சுழற்சி இயக்கக் கணக்கைப் போட்டாக வேண்டும். அவர் அதை மறந்து ஐந்து வருடமாகியிருக்கும். சுறாவின் ரத்தத்திலிருந்து டயாலிசிஸ் வரைக்கும் யோசித்த அந்தப் பெண்ணின் மூளைக்கு அந்தத் தாளில் எந்த இடமும் இல்லை. நாற்பத்தைந்து இயற்பியல் கேள்விகளை மூன்றாவது முறையாகப் பயிற்சி செய்தவருக்கே அங்கே இடம்.

மூன்றாவது முறை என்று சும்மா சொல்லவில்லை. நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு 2021இல் அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு ஒரு கணக்கைச் சொன்னது. நீட் முழுமையாக வருவதற்கு முன்பு, 2016–17இல், தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் திரும்ப எழுதிச் சேர்ந்தவர்கள் எட்டில் ஒருவர் என்ற அளவில் இருந்தார்கள். 2020–21இல் பத்துக்கு ஏழு பேர் திரும்ப எழுதியவர்கள். 'ரிப்பீட்டர்' என்று ஒரு சாதியே உருவாகிவிட்டது. ஆக, இன்றைக்கும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் 17 வயதில் மருத்துவத்துக்குப் போவதில்லை. 18, 19, 20 என்று போகிறார்கள். நடுவில் உள்ள ஆண்டுகளைக் கோச்சிங் சென்டரில் கழிக்கிறார்கள். நாமக்கல்லிலும் சென்னையிலும் விடுதி அறையில் அதே இரண்டு வருடப் பாடத்தை மறுபடியும் மறுபடியும் மென்றுகொண்டிருக்கிறார்கள். கிடைத்தால் மருத்துவம். கிடைக்காவிட்டால் கையில் என்ன இருக்கிறது? ஒரு சான்றிதழும் இல்லை. அப்பா வாங்கிய கடன்தான் இருக்கிறது.

அந்த இரண்டு மூன்று ஆண்டுகளைப் பட்டப்படிப்பில் செலவிட்டுவிட்டு மருத்துவத்துக்குப் போக வழி இருந்தால் எப்படி இருக்கும்? மருத்துவம் கிடைக்காவிட்டாலும் பட்டம் மிஞ்சும், ஆய்வகத் திறன் மிஞ்சும், வேலைக்கான தகுதி மிஞ்சும். கிடைத்தால், படித்துப் பக்குவப்பட்ட ஒருவர் நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்பார்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893இல் தொடங்கியபோதே பட்டம் பெற்றவர்களைத்தான் சேர்த்தது. இன்று அந்த நாட்டில் பட்டப்படிப்புக்குப் பிறகே மருத்துவம் என்பது நடைமுறை. மதிப்பெண் சற்றுக் குறைந்தவர்கள் மருத்துவப் படிப்புக்குத் தங்களைத் தயார்படுத்திக்கொள்ள ஓராண்டு, ஈராண்டு முதுநிலை அறிவியல் படிப்புகள் அங்கே தனியாகவே நடக்கின்றன. சில இடங்களில் அந்த மாணவர்கள் மருத்துவ முதலாண்டு மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து அதே தேர்வை எழுதுகிறார்கள். அங்கே நன்றாக எழுதியதே மருத்துவச் சேர்க்கைக்குச் சான்றாகிறது. ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1996இல் பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. சிட்னியும் குயின்ஸ்லாந்தும் அடுத்த ஆண்டே பின்தொடர்ந்தன. பிரிட்டனில் பள்ளி முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு, பட்டதாரிகளுக்கு நான்காண்டு என இரண்டு பாதைகள் அருகருகே இருக்கின்றன.

நம் ஊரிலும் பட்டம் வரை இல்லாவிட்டாலும் கல்லூரி வாசம் இருந்தது. யெல்லபிரகட சுப்பாராவ் சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்துத்தான் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். மருத்துவம் முடித்து ஹார்வர்டில் உயிர்வேதியியல் ஆய்வுக்குள் நுழைந்தார். தசையில் ஆற்றல் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதை ஃபிஸ்கே என்ற ஆய்வாளரோடு சேர்ந்து கண்டார். யானைக்கால் நோய்க்கு வீட்டுக்கு வீடு வந்து கொடுத்த டிஇசி மாத்திரை அவர் வழிநடத்திய ஆய்வகத்திலிருந்து வந்ததுதான். மருத்துவத்துக்கும் உயிர்வேதியியலுக்கும் நடுவில் அவருக்குச் சுவர் இருக்கவில்லை. பின்னாளில் பியூசி என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. அதுவும் கல்லூரியில்தான் நடந்தது. மருத்துவம் போகிற பிள்ளை, பேராசிரியரையும் கல்லூரி ஆய்வகத்தையும் பார்த்துவிட்டே போனது. 1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்தபோது அந்த ஓராண்டும் பள்ளிக்குள் போனது. மேல்நிலைப் பள்ளிகள் கிராமங்களுக்குக் கொண்டுவந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கந்தர்வகோட்டையிலும் கறம்பக்குடியிலும் பெண் பிள்ளைகள் பிளஸ் டூ வரை படித்தது அதனால்தான். ஆனால் மருத்துவர் ஆவதா இல்லையா என்பது 17 வயதில், ஒரே தேர்வில் முடிவாகும் வழக்கமும் அதோடு சேர்ந்து இறுகிவிட்டது.

சட்டத்தில் கதவு முழுக்க அடைக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நீட் எழுத 25 வயது உச்ச வரம்பு என்று ஒரு விதி இருந்தது. நீதிமன்றங்களில் வழக்கு நடந்தது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த வரம்பை நீக்கிவிட்டது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்த பிறகும் நீட் எழுதலாம். தமிழ்நாடு 2020இல் கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் வயதைப் பார்ப்பதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2022 தொடக்கத்தில் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நீட்டில் தேறி, இந்த ஒதுக்கீட்டின் கலந்தாய்வுக்கே வந்தார். ஓர் இளைஞருக்குப் போகட்டும் என்று கடைசியில் இடத்தை விட்டுக்கொடுத்தார். அவர் செய்தது பெரிய மனது. அந்தச் செய்தியைப் படித்த பலரும் 'வயதானவர்களுக்கு எதற்கு மருத்துவ இடம்' என்றும் பேசினார்கள். 61 வயதில் சேருபவர் மருத்துவராகி எத்தனை ஆண்டு பணி செய்வார் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. 22, 23 வயதில் எம்.எஸ்சி. முடிப்பவருக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. அவர் 29 வயதில் மருத்துவராகி முப்பது ஆண்டுக்கு மேல் பணி செய்வார்.

ஆக, விதி தடுக்கவில்லை. தடுப்பது மூன்று: மேலே சொன்ன தேர்வின் தன்மை, முதலிலிருந்து தொடங்க வேண்டிய ஐந்தரை ஆண்டு, வீட்டுச் சூழல். இவற்றில் இரண்டாவது, நினைக்க நினைக்க எனக்கு ஆறாதது. மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் போன்ற துறைகளில் மருத்துவம் படிக்காத, மருத்துவ எம்.எஸ்சி.யும் முனைவர் பட்டமும் பெற்ற ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் பாடம் நடத்திவருகிறார்கள். அவர்களுக்கு விதியிலேயே இடம் உண்டு. சென்னை தரமணியில் டாக்டர் ஏ.எல். முதலியார் பெயரிலான அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் இத்தகைய எம்.எஸ்சி. பட்டதாரிகளை உருவாக்கும் இடம். இப்படிப்பட்ட ஒருவர் எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர்களுக்கு உயிர்வேதியியல் கற்பிக்கலாம், அவர்களுடைய விடைத்தாளைத் திருத்தலாம். அவரே எம்.பி.பி.எஸ். படிக்க விரும்பினால், நீட் எழுதி, அதே வகுப்பில் மாணவராக உட்கார்ந்து, தாம் கற்பித்த பாடத்தை முதலிலிருந்து படித்துத் தேற வேண்டும். ஒரு நாள்கூடக் குறையாது. கற்பிக்கத் தகுதி உள்ளவருக்கு அந்தப் பாடத்தில் விலக்கு பெறத் தகுதி இல்லை என்பது என்ன நியாயம்?

நாம் இங்கே மதிக்காத இதே ஏற்பாட்டை நம் பெற்றோர் கடல் கடந்து போய்க் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் மருத்துவம் பட்டதாரிகளுக்கான படிப்பு. முதலில் அறிவியல் படிப்பு, பிறகு நான்காண்டு மருத்துவம். நம் மாவட்டங்களிலிருந்து நிலத்தை விற்றுப் பிள்ளைகளை அங்கே அனுப்பியவர்கள் ஏராளம். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதி கொண்டுவந்தது. வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதன் பிறகு 12 மாதம் பயிற்சி மருத்துவம் இருக்க வேண்டும் என்றது. முன்படிப்பாக அறிவியல் படித்த காலம் இந்தக் கணக்கில் சேராது என்றானதும் எத்தனையோ குடும்பங்கள் தவித்துப்போயின. புதுக்கோட்டையில் சில ஆயிரம் ரூபாயில் படிக்க முடிகிற பி.எஸ்சி.க்கு மருத்துவத்தில் மதிப்புக் கொடுத்திருந்தால், அந்த நிலங்களில் பாதியாவது விற்கப்படாமல் இருந்திருக்கும்.

எதிர்க்கேள்விகள் வரும். 'நம் எம்.எஸ்சி.யின் தரம் என்ன?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், கல்லூரி ஆசிரியனாக எனக்கு வலிக்கிற கேள்வியும்கூட. நிரந்தர ஆசிரியர் இல்லாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே ஓடுகிற துறைகளை எனக்குத் தெரியும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் பழுதாகி இரண்டு ஆண்டு துணி போர்த்திக் கிடந்த ஆய்வகத்தில் நான் பிராக்டிகல் நடத்தியிருக்கிறேன். அந்தக் கருவியில் எடுக்க வேண்டிய அளவுகளை, முந்தைய ஆண்டு ரெக்கார்டு நோட்டிலிருந்து மாணவர்கள் பார்த்து எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அப்படிக் கையெழுத்துப் போட்டதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். இந்த நிலை மாறாமல் எம்.எஸ்சி. மருத்துவத்துக்கு அடித்தளம் என்று பேசுவதில் பாதி உண்மைதான் இருக்கும். ஆனால் அடித்தளத்துக்கு மதிப்பே இல்லாதவரை அதைச் சரிசெய்யும் அவசரமும் யாருக்கும் வராது. எம்.எஸ்சி.யின் ஆய்வக மதிப்பெண் ஒரு மருத்துவ இடத்தைத் தீர்மானிக்கும் என்று வைத்துப்பாருங்கள். அந்தக் கருவி இரண்டு ஆண்டு கிடக்காது.

'வயசாகிவிடுமே' என்பது அடுத்த கேள்வி, குறிப்பாகப் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து. எம்.எஸ்சி.யும் முடித்து ஐந்தரை ஆண்டு என்றால் திருமணம் எப்போது என்பார்கள். அது கிண்டலுக்குரிய கவலை அல்ல. பல வீடுகளில் அந்தப் பெண்ணின் தங்கைகளும் காத்திருப்பார்கள். ஆகவேதான் படிப்புக் காலத்தைக் குறைக்கிற பட்டதாரிப் பாதை வேண்டும் என்கிறேன். இருந்தாலும் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். இது 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்த மாவட்டம். கல்லுடைத்த பெண்களும் களையெடுத்த பெண்களும் முப்பது, நாற்பது வயதில் அகரம் எழுதினார்கள். ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அவர்களுடைய பேத்திகள்தான் இப்போது நம் கல்லூரிகளில் எம்.எஸ்சி. படிக்கிறார்கள். இந்த மண்ணில் வயதைக் காரணம் காட்டிப் படிப்பை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவர்கள் தரப்பிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். ஆய்வகத்தில் ஐந்தாண்டு இருந்தவர் நோயாளியிடம் எப்படிப் பேசுவார் என்பார்கள். உண்மைதான், எம்.எஸ்சி. அதைக் கற்றுத்தருவதில்லை. ஒரு குடும்பத்திடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று எந்த அறிவியல் வகுப்பிலும் பாடம் இல்லை. பிளஸ் டூவிலும் இல்லை. அது வார்டில் கற்க வேண்டியது. 17 வயதுப் பிள்ளையைவிட 23 வயதுக்காரர் அதை எளிதாகக் கற்பார் என்பது என் எண்ணம். அதற்குள் அவர் வீட்டில் ஒரு சாவையாவது பார்த்திருப்பார், ஒரு நோயாளியோடு ஆஸ்பத்திரி வராண்டாவில் ஓர் இரவாவது படுத்திருப்பார்.

என்ன செய்யலாம்? தேசிய மருத்துவ ஆணையம், பட்டதாரிகளுக்கென நான்கு அல்லது நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ். பாதையைச் சில அரசுக் கல்லூரிகளிலாவது சோதனையாகத் தொடங்க வேண்டும். முதலாண்டுப் பாடங்களில் அவர்கள் ஏற்கெனவே படித்தவற்றுக்குத் தேர்வு வைத்து விலக்கு தர வேண்டும். நீட் எங்கள் மாநிலத்துக்கே வேண்டாம் என்ற தமிழ்நாட்டின் வாதம் தனியாகத் தொடரட்டும், நானும் அந்த வாதத்தின் பக்கம்தான். ஆனால் எந்தத் தேர்வு இருந்தாலும், பட்டதாரியை அவர் படித்த அறிவியலில் சோதிக்கும் தேர்வாக அது இருக்க வேண்டும்.

இதெல்லாம் டெல்லியில் நடக்க வேண்டியவை, நாளாகும். புதுக்கோட்டையில் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2017இல் தஞ்சாவூர் சாலையில் முள்ளூரில் 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தமிழ்நாட்டில் நீட் வழியாகச் சேர்க்கை தொடங்கியதும் அதே ஆண்டு. ஆகவே கல்லூரி பக்கத்தில் வந்தும், அதன் வாசல் நம் பிள்ளைகளுக்குத் தூரமாகவே இருக்கிறது. இந்த நகரத்திலேயே மன்னர் கல்லூரி இருக்கிறது, அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாள் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆய்வகங்களுக்கு அனுப்பலாம். ஆய்வேட்டுக்கு அங்கே ஒரு வழிகாட்டி, இங்கே ஒரு வழிகாட்டி என்று வைக்கலாம். கொரோனா காலத்தில் ஆர்டி-பிசிஆர் ஆய்வகங்கள் இரவு பகலாக ஓடியபோது, எம்.எஸ்சி. படித்த இளைஞர்கள் தமிழ்நாடு முழுவதும் மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களில் தற்காலிகப் பணியில் நின்றார்கள். ஆபத்தில் அழைக்க முடிந்தவர்களை அமைதிக் காலத்திலும் அழைக்கலாம். இதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. மூன்று கல்லூரிகளின் முதல்வர்களும் மாவட்ட ஆட்சியரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் போதும்.

இதைப் படிக்கும் பி.எஸ்சி., எம்.எஸ்சி. மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவ ஆசை இன்னும் மனதில் இருந்தால், வயது போய்விட்டது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். நீட் விண்ணப்பத்தில் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கென்றே தனித் தகுதிக் குறியீடு இருக்கிறது, கவனமாகப் பார்த்து நிரப்புங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்கள், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றிதழை இப்போதே பள்ளிக்குப் போய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அதற்காக அலையக் கூடாது.